குதிரைப்படைச் சிற்றுருவங்களுக்கு வண்ணம் தீட்டல்

வரலாற்றுப் போர்களை மேசைமீது நடத்திப் பார்க்கும் விளையாட்டில் பயன்படும் குதிரைப்படைச் சிற்றுருவங்கள் உலோகக் கலவையிலோ நெகிழியிலோ வார்க்கப்படுகின்றன. பரவலான 28 மி.மீ. அளவில், நிற்கும் வீரனின் உயரம் ஏறத்தாழ அவ்வளவே. வீரனின் சீருடைக்குப் பொத்தான்வரை கவனம் செலுத்துவோர்கூட, குதிரைக்கு ஒரே பழுப்பைப் பூசி முடித்துவிடுவதுண்டு. ஆனால் குதிரையின் நிறமும் படைப்பிரிவின் அடையாளமாக இருந்திருக்கிறது. 1815 ஜூன் 18 அன்று வாட்டர்லூ போரில் பிரெஞ்சுக் காலாட்படைமீது பாய்ந்த ஸ்காட்ஸ் கிரேஸ் என்ற பிரித்தானியப் படைப்பிரிவு, சாம்பல் குதிரைகளுக்குப் பெயர்போனது.

தீட்டுவோரைப் பெரிதும் ஏமாற்றுவதும் சாம்பல் குதிரையே. அது அடர்நிறத்தில் பிறந்து, வயது ஏற ஏற வெளுக்கும். மயிர் வெளுத்தாலும் அடியிலுள்ள தோல் கருமையாகவே இருக்கும். ஆகவே மூக்கு நுனியையும் கண்ணோரத்தையும் கருஞ்சாம்பலாக விட வேண்டும். முழுக்க வெள்ளை பூசினால் சுண்ணாம்புப் பொம்மைபோல் தோன்றும். ஒரே படைப்பிரிவில் இளங்குதிரைகள் கருஞ்சாம்பலாகவும் முதியவை ஏறத்தாழ வெண்மையாகவும் இருப்பது இயல்பு.

பழுப்புக் குதிரைகளுக்கு எண்ணெய் வண்ண முறை ஏற்றது. வெளிர் செம்பழுப்பு அக்ரிலிக் அடிப்பூச்சு நன்கு காய்ந்தபின், கரும்பழுப்பு எண்ணெய் வண்ணத்தை உடல் முழுவதும் தடவி, சில நிமிடங்களில் ஸ்பாஞ்சால் துடைக்க வேண்டும். மேடான தசைகளில் அடிப்பூச்சு தெரியும். பள்ளங்களில் இருள் தங்கும். காய்வதற்குப் பல நாள்கள் ஆகலாம், அவசரப்பட்டால் விரல்ரேகை பதியும். 'பே' வகைக்குப் பிடரியும் வாலும் கால்களின் கீழ்ப்பகுதியும் கருப்பு. 'செஸ்ட்நட்' வகைக்கு அங்கே கருப்பு கூடாது. கால் வெள்ளையானால் குளம்பும் பெரும்பாலும் வெளிர்நிறமே.