சம்பளக் கணக்குப் பார்க்கும் ஏ.ஐ. ஏஜெண்ட்: சாவி யாரிடம் இருக்க வேண்டும்?



சென்ற மாதம் வேடசந்தூர் பக்கம் ஒரு குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தோம். சந்தா வசூல், உள்கடன் எல்லாம் முடிந்து தீர்மான நோட்டில் கையெழுத்துப் போடும் நேரம். ஓர் உறுப்பினர் செல்போனை எங்களிடம் நீட்டினார். அவருடைய மகள் நூல் மில்லில் வேலை பார்க்கிறாள்.

"மேடம், சம்பளத்துல ரெண்டு நாள் குறையுது. ஆபீஸ்ல கேட்டா, இனிமே இங்க வராதே, போன்ல கேளு, அதுவே பதில் சொல்லும்னுட்டாங்க. போன்ல கேட்டா, நீ ரெண்டு நாள் லீவுனு சொல்லுது. எம் பொண்ணு லீவே போடலை மேடம். மெஷின் பொய் சொல்லுமா?"

நல்ல கேள்வி. மெஷின் பொய் சொல்லவில்லை. பதிவேட்டில் இருந்ததைத்தான் சொன்னது. பதிவேடே தப்பாக இருந்தது. அந்த இரண்டு நாளும் அவளுடைய விரல் ரேகை மெஷினில் பதியவில்லை. சூப்பர்வைசர் ஒரு பேப்பரில் பெயரை எழுதி வைத்தார். அது கம்ப்யூட்டரில் ஏறவே இல்லை.

இது என்ன ஏற்பாடு, எப்படி வேலை செய்கிறது, நாம் எங்கே கவனமாக இருக்க வேண்டும் என்று இந்த இதழில் பார்ப்போம்.

ஏஜெண்ட் என்றால் யார்?

ஏஜெண்ட் என்றதும் நமக்கு எல்.ஐ.சி. ஏஜெண்ட் ஞாபகம் வரும். மில்லுக்கு ஆள் சேர்க்கிற ஏஜெண்ட் ஞாபகம் வரும். ஒருவர் சார்பில் போய் வேலையை முடித்துக் கொடுப்பவர் ஏஜெண்ட். ஏ.ஐ. ஏஜெண்ட்டும் அப்படித்தான். ஆனால் அது ஆள் இல்லை, ஒரு கம்ப்யூட்டர் புரோகிராம். நாம் பேசுகிற மாதிரியே தமிழில் கேட்டால் புரிந்துகொள்ளும். பதில் சொல்வதோடு நிற்காமல், பதிவேட்டைத் திறந்து பார்க்கும், கணக்குப் போடும், அனுமதி கொடுத்தால் திருத்தி எழுதவும் செய்யும்.

வருகை, விடுப்பு, சம்பளம், பி.எப்., இ.எஸ்.ஐ. எல்லாம் ஏறியிருக்கும் சாப்ட்வேர் வேறு. அது நம் குழுவின் பதிவேடுகள் மாதிரி. ஏஜெண்ட் அந்தப் பதிவேட்டைப் புரட்டும் ஆள் மாதிரி. இரண்டையும் இணைப்பதைப் பற்றித்தான் இப்போது பேசுகிறோம்.

இணைப்பு எப்படி நடக்கிறது?

பேங்க்கில் நாம் லாக்கர் அறைக்குள் போவதில்லை. கவுண்ட்டரில் பாஸ்புக்கைக் காட்டிக் கேட்கிறோம். சம்பள சாப்ட்வேரிலும் அப்படி ஒரு கவுண்ட்டர் உண்டு. ஏ.பி.ஐ. என்பார்கள். வெளியிலிருந்து வரும் புரோகிராம் அந்தக் கவுண்ட்டரில் வந்து கேட்க வேண்டும். அதற்கு ஒரு ரகசியச் சாவி கொடுப்பார்கள். இது இரும்புச் சாவி இல்லை, எழுத்தும் எண்ணும் கலந்த நீளமான ஒரு குறியீடு.

முன்பு ஒவ்வொரு சாப்ட்வேருக்கும் தனித்தனியாக இணைப்பு எழுத வேண்டியிருந்தது. 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் என்ற அமெரிக்க நிறுவனம் எம்.சி.பி. என்ற பொது முறையை வெளியிட்டது. எந்தக் கம்பெனி மிக்சி வாங்கினாலும் பிளக் நம் வீட்டு சுவிட்ச் போர்டில் பொருந்துகிறது அல்லவா? அதுபோல, ஒரே முறையில் பல சாப்ட்வேரை ஏஜெண்ட்டோடு இணைக்கலாம். வேலை சுலபமாகிவிட்டதால் இது பெரிய கம்பெனிகளோடு நிற்காமல் சின்ன இடங்களுக்கும் வருகிறது.

சாவியில் முக்கியமான விஷயம், அது எதை எல்லாம் திறக்கும் என்பது. பார்க்க மட்டும் அனுமதிக்கும் சாவி உண்டு. எழுதவும் அனுமதிக்கும் சாவி உண்டு. பேங்க்குக்குப் பணம் அனுப்பச் சொல்லும் சாவியும் உண்டு. எந்தச் சாவியைக் கொடுப்பது என்று முடிவு செய்வது மனிதர்கள்தான்.

இரண்டு நாளில் என்ன போய்விடும்?

அந்தப் பெண்ணின் கணக்கையே எடுத்துக்கொள்வோம். ஒரு நாள் சம்பளம் 500 ரூபாய். வேலை செய்தது 24 நாள். வர வேண்டியது 12,000 ரூபாய். இந்தத் தொகைக்கே பி.எப்., இ.எஸ்.ஐ. பிடிப்பதாக வைத்துக்கொண்டால்:

பி.எப். 12 சதவீதம் – 1,440 ரூபாய்
இ.எஸ்.ஐ. 0.75 சதவீதம் – 90 ரூபாய்
கையில் வருவது – 10,470 ரூபாய்

22 நாள் என்று பதிவானால் சம்பளத்தில் 1,000 ரூபாய் போகும். அதோடு முடியவில்லை. பி.எப்.பில் அவள் பங்கு 120 ரூபாய் குறையும், முதலாளி பங்கும் அதே அளவு குறையும். இ.எஸ்.ஐ.யில் நோய்க்கால உதவி, பேறுகால உதவி கிடைக்க இத்தனை நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்று கணக்கு உண்டு. வருகை நாள் விட்டுப்போனால் அங்கேயும் இடிக்கும்.

நம் தையல் மையத்தில் என்ன செய்தோம்?

நம் கூட்டமைப்பின் தையல் மையத்தில் 23 பெண்கள் வேலை செய்கிறார்கள். சம்பள சாப்ட்வேர் போட்டுக் கொடுத்தவர்கள், "ஏ.ஐ. ஏஜெண்ட்டை இணைத்துவிடுகிறோம், மாதக் கடைசியில் நீங்கள் கையே வைக்க வேண்டாம், சம்பளம் தானாகப் போய்விடும்" என்றார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. நிர்வாகிகள் எங்களிடம் கருத்துக் கேட்டார்கள். நாங்கள் ஒரே ஒரு கேள்வி திருப்பிக் கேட்டோம்: "குழுவில் ஒருத்தர் கையெழுத்தில் பணம் எடுக்க விடுவோமா?"

"அதெப்படி மேடம்? ரெண்டு பேர் கையெழுத்து வேணும், தீர்மானம் வேணும்" என்றார்கள். அந்த முறைதான் இங்கேயும் வேண்டும். கூட்டத்தில் பேசி இப்படித் தீர்மானம் போட்டார்கள்:

1. ஏஜெண்ட்டுக்குப் பார்க்கும் சாவி மட்டும். வருகையையோ சம்பளத்தையோ அது திருத்தக் கூடாது. கணக்குப் போட்டுப் பட்டியல் தயாரித்துக் கொடுக்கலாம். தலைவியும் பொருளாளரும் சரிபார்த்துக் கையெழுத்திட்ட பிறகுதான் பணம் போகும்.

2. கேட்பவருக்கு அவருடைய கணக்கு மட்டும். "பக்கத்து மெஷின் அக்காவுக்கு எவ்வளவு சம்பளம்?" என்று கேட்டால் பதில் வரக் கூடாது. ஆதார், பேங்க் நம்பர் எதையும் முழுதாகக் காட்டக் கூடாது.

3. பேங்க் கணக்கு மாற்றம் நேரில்தான். "என் அக்கவுண்ட் மாறிவிட்டது, இனி இந்த நம்பருக்கு அனுப்பவும்" என்று மற்றவர் பெயரில் மெயில் அனுப்பிச் சம்பளத்தைத் திருடும் மோசடி உலகமெங்கும் நடக்கிறது. ஏஜெண்ட் இன்னும் எளிதாக ஏமாறலாம். கடிதத்துக்குள் எழுதியிருப்பதையே தனக்கு இட்ட உத்தரவாக அது எடுத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு. அதனால் பாஸ்புக்கோடு நேரில் வர வேண்டும்.

4. ஏஜெண்ட் எதைத் திறந்தது, என்ன பதில் சொன்னது என்ற பதிவு இருக்க வேண்டும். மாதக் கூட்டத்தில் அதைப் பார்க்க வேண்டும்.

5. சந்தேகம் வந்தால் அன்றே சாவியை ரத்து செய்யும் வசதி நம் கையில் இருக்க வேண்டும்.

6. பதில் திருப்தி இல்லை என்றால் பேச ஒரு மனிதர் இருக்க வேண்டும். அவர் பெயர் மையத்தின் சுவரில் எழுதியிருக்க வேண்டும்.

ஏ.ஐ. வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. மையத்துப் பெண்கள் இப்போது இரவு எட்டு மணிக்கும் "எனக்கு எத்தனை நாள் விடுப்பு மிச்சம்?" என்று வீட்டிலிருந்தே கேட்கிறார்கள். ஆபீசில் கேட்கக் கூச்சப்பட்டவர்களும் கேட்கிறார்கள். படிக்கத் தெரியாதவர்கள் பேசிக் கேட்கிறார்கள். இது நல்ல விஷயம். ஆனால் தகவல் இல்லாத இடத்தில் ஏ.ஐ. சில சமயம் தானாக ஒரு பதிலைச் சொல்லிவிடும், அதுவும் ரொம்ப உறுதியாக. அதனால் "எந்தத் தேதிக்கு லீவு போட்டிருக்கு? எதைப் பார்த்துச் சொல்றே?" என்று மறுபடி கேட்கப் பழக வேண்டும்.

நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியவை

மில்லிலும் கம்பெனியிலும் எந்தச் சாவியைக் கொடுப்பது என்று நம்மைக் கேட்க மாட்டார்கள். ஆனால் நம் உரிமை நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். 2019-ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. அதன்படி முதலாளி சம்பளச் சீட்டு கொடுக்க வேண்டும். மாதச் சம்பளம் என்றால் அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் கொடுக்க வேண்டும். எல்லாப் பிடித்தமும் சேர்ந்து சம்பளத்தில் பாதிக்கு மேல் போகக் கூடாது. கணக்கை ஏ.ஐ. போட்டாலும் ஆள் போட்டாலும் பொறுப்பு முதலாளிக்குத்தான். "கம்ப்யூட்டர் அப்படித்தான் காட்டுது" என்பது பதில் ஆகாது.

சம்பளச் சீட்டை மாதாமாதம் வாங்கி வைக்கச் சொல்லுங்கள். பி.எப். பணம் ஏறியிருக்கிறதா என்று உமாங் செயலியில் பார்க்கச் சொல்லுங்கள. நிர்வாகம் கேட்கவில்லை என்றால் தொழிலாளர் துறை அலுவலகத்தில் எழுத்து மூலம் மனுக் கொடுக்கலாம். கூட வர நாங்கள் தயார்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு சின்ன நோட்டு. அந்த மில் பெண் தினமும் பாக்கெட் காலண்டரில் எந்த ஷிப்ட் என்று எழுதி வைத்திருந்தாள். அம்மாவும் மகளும் அதை எடுத்துக்கொண்டு போனார்கள். சூப்பர்வைசர் எழுதிய பேப்பரோடு ஒத்துப் பார்த்தார்கள். இரண்டு நாளும் சரியாக இருந்தது. அடுத்த மாதச் சம்பளத்தில் 1,000 ரூபாய் சேர்ந்து வந்தது. இப்போது போனில் கேட்டால் அந்த இரண்டு நாளையும் வேலை நாள் என்றுதான் சொல்கிறதாம்.

அடுத்த குழுக் கூட்டத்தில் இதைப் படித்துக் காட்டுங்கள். வீட்டில் வேலைக்குப் போகும் பிள்ளை ஒவ்வொருவருக்கும் ஒரு நோட்டு என்று தீர்மானம் போடுங்கள். நோட்டின் முதல் பக்கத்தில் இன்றைய தேதியை எழுதி ஆரம்பித்து வைப்போம்.