பஸ் கதவு ஏன் அறைகிறது?

ஹட்டனிலிருந்து தலவாக்கலை, நானுஓயா வழியாக நுவரெலியாவுக்கு ஏறும் ஏ7 வீதியில், காற்றில் இயங்கும் மடிப்புக் கதவு உள்ள பஸ்களில்கூட அந்தக் கதவைக் கயிற்றால் கம்பியோடு கட்டி வைத்திருப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன். வாசலில் பாடசாலைப் பிள்ளைகள் தொங்கிக்கொண்டு நிற்பார்கள். ஏன் கட்டியிருக்கிறீர்கள் என்று நடத்துனரைக் கேட்டால், கதவு அறைகிறது, யாருடைய விரலாவது போய்விடும் என்பார். வளைவுக்கு வளைவு பள்ளம் பார்க்கும் பாதையில் வாசலைத் திறந்து விடுவதற்கு இதுதான் காரணம் என்றால், அந்தக் கதவு எப்படி இயங்குகிறது என்று நாமும் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது.

கதவின் மேலே உள்ள பெட்டிக்குள் ஒரு சிலிண்டர் இருக்கிறது. பிரேக்குக்காகச் சேமிக்கப்படும் அமுக்கக் காற்றில் ஒரு பங்கு, ஒரு பாதுகாப்பு வால்வு வழியாக இதற்கு வருகிறது. காற்று பிஸ்டனைத் தள்ள, அந்த நேர்கோட்டு அசைவைப் பற்சக்கரமோ நெம்புகோலோ சுழற்சியாக மாற்றுகிறது. கதவுத் தண்டு ஏறத்தாழ கால்வட்டம் திரும்பி நிற்கிறது. தள்ளுவது சுலபம், நிறுத்துவதுதான் கஷ்டம். 4 செக்கனில் மூடும் கதவை 2 செக்கனில் மூட வைத்தால் வேகம் இரு மடங்காகும். ஆனால் கடைசியில் மோதும் சக்தி 4 மடங்காகும்.

ஆகவே கட்டுப்பாடு இரண்டு இடத்தில் வைக்கப்படுகிறது. முதலாவது, பிஸ்டனின் மறுபக்கத்திலிருந்து வெளியேறும் காற்றை ஒரு திருகால் நெருக்குவது. உள்ளே வரும் காற்றை நெருக்கினால் கதவு திக்கித் திக்கி நகரும். வெளியேறுவதை நெருக்கினால் பிஸ்டனுக்கு இரு பக்கமும் காற்று அணைத்து நிற்கும். இரண்டாவது, கடைசிச் சில பாகைகளில் பெரிய வெளியேற்றுத் துளையை ஒரு முளை அடைத்துவிடும். அகப்பட்ட காற்று ஊசித்துளை ஒன்றால் மட்டும் கசியும். அதுவரை அது தலையணை.

வன்னியில் தொடைக்கு மேல் கால் இழந்து செயற்கைக் கால் அணிந்தவர்களுக்கு இது புதிய விஷயம் இல்லை. கால் முன்னே வீசி நீளும்போது முழங்காலில் 'தட்' என்று ஓர் அடி விழும். விலை கூடிய முழங்கால்களில் சிறு காற்றுச் சிலிண்டர் வைத்து அந்த அடியைத் தணிப்பதும் இதே வேலைதான்.

கதவு அறைவதற்கு ஒரு காரணம், அந்தத் தலையணையைக் காக்கும் ரப்பர் சீல் தேய்ந்துபோவது. நுவரெலியா போன்ற ஈரக் குளிர் ஊரில் அமுக்கக் காற்றில் தண்ணீர் சேரும். தாங்கியின் அடியில் உள்ள வால்வைத் திறந்து நாள்தோறும் வடிக்காவிட்டால் அது குழாய் வழியே சிலிண்டருக்குள் போய் மசகைக் கழுவிவிடும். இன்னொரு காரணம் திருகை மாற்றித் திருப்புவது. அதிகம் இறுக்கினால் கதவு முழுதாக மூடாமல் நிற்கும். அதைப் பார்த்த ஒருவர் எரிச்சலில் முழுவதும் தளர்த்திவிடுவார், பிறகு அறை.

காலையில் முதல் தடவை மட்டும் அறைகிறதா? இரவில் காற்றெல்லாம் கசிந்திருக்கும். பிஸ்டனின் மறுபக்கம் வெறுமை. தடுக்க ஒன்றும் இல்லை. திருகைத் தொட வேண்டாம். ஆட்கள் ஏறுமுன் சாரதி ஒரு தடவை திறந்து மூடினால் போதும்.

தலையணை கதவைத்தான் காக்கும், இடையில் சிக்கிய கையை அதற்குத் தெரியாது. அதற்காகத்தான் ஐக்கிய நாடுகளின் வாகன ஒழுங்குவிதி 107, தடை பட்டால் கதவு தானாகத் திரும்பித் திறக்க வேண்டும் என்கிறது. பழைய பஸ்களில் அது இல்லாவிட்டாலும் வாசலருகே ஓர் அவசரப் பிடி இருக்கும், பெரும்பாலும் சிவப்பு நிறம். அதைத் திருப்பினால் காற்று வெளியேறி, கதவைக் கையால் தள்ளித் திறக்கலாம். பிடியை மீண்டும் பழைய இடத்துக்குத் திருப்பும்போது மட்டும் யாரும் வாசலில் நிற்கக்கூடாது. சிலிண்டர் அப்போது வெறுமையாக இருக்கும்.