தலைவலிக்குக் காரணம் தூக்கமின்மையா, புகைக்குழாயா?

நெருப்பில்லாமல் புகையாது என்பது எமது முன்னோர் மொழி. புகையே கண்ணுக்குத் தெரியாமல் கொல்லும் நெருப்பும் உண்டென்பதைக் குளிர்நாடுகளில் பழைய வாகனம் ஓட்டுவோர் அறிந்திருத்தல் வேண்டும்.

ரொறன்ரோவில் பழைய பெற்றோல் லொறியொன்றில் ஒரு மாரிகாலம் முழுவதும் இரவு வேலைக்குச் சென்று வந்தோம். விடியும்போதெல்லாம் தலைவலி, சில நாட்களில் குமட்டல். தூக்கமின்மை என்றோம், ஊர்க்கவலை என்றோம், குளிசை விழுங்கினோம். விடுமுறை நாட்களில் வலி இல்லாதிருந்ததைக் கவனிக்கத் தவறினோம். பல்கலைக்கழகக் கரும்பலகையில் காபனோரொட்சைட்டின் இயல்புகளை ஆண்டுதோறும் எழுதிக் காட்டிய நாமே, அவ்வாயு எமது இருக்கையின் கீழ் கசிந்துகொண்டிருந்ததை உணரவில்லை.

எரிபொருள் முற்றாக எரியாதபோது தோன்றும் இவ்வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. குருதியிலுள்ள ஈமோகுளோபினுடன் ஒட்சிசனைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேல் வலுவாகப் பிணைவது இதன் இயல்பு. தூய காற்றைச் சுவாசித்தாலும், குருதியில் சேர்ந்ததில் பாதி நீங்குவதற்கு நான்கைந்து மணித்தியாலங்கள் செல்லும். 1902 ஆம் ஆண்டில் பிரெஞ்சு எழுத்தாளர் எமில் சோலா பாரிசில் தமது படுக்கையறையில் இவ்வாயுவினாலேயே இறந்தார். அங்கே புகைபோக்கி அடைபட்டிருந்தது. எமது லொறியிலோ அது பிளந்திருந்தது.

கசிவு பெரும்பாலும் இரண்டு இடங்களில் தோன்றும். முதலாவது, சிலிண்டர்களிலிருந்து புகையைத் திரட்டும் மனிபோல்ட். சூடேறி விரிந்தும் குளிர்ந்து சுருங்கியும் அதன் திருகாணிகள் முறிகின்றன. இடையிலுள்ள கஸ்கெற் கருகுகின்றது. இரண்டாவது, வாகனத்தின் அடியிலுள்ள குழாயும் சைலன்சரும். வீதியில் தூவும் உப்பு வெளியிலிருந்து அரிக்க, குறுந்தூர ஓட்டத்தில் ஆவியாகாது தங்கும் நீர் உள்ளிருந்து அரிக்கின்றது.

கண்டறிவது கடினமன்று. காலையில் குளிர்ந்த எஞ்சினை இயக்கியவுடன் "டிக், டிக்" என்ற ஒலி எஞ்சினின் வேகத்தோடு கூடிக் குறைந்தால் மனிபோல்ட்டைச் சந்தேகிக்கலாம். இரும்பு சூடேறி விரிந்ததும் அவ்வொலி மறையக்கூடும். ஒலி நின்றமை பழுது நீங்கியமைக்குச் சான்றாகாது. பொருத்துகளில் கரி படிந்திருப்பதும் ஓர் அடையாளம். எஞ்சினை நிறுத்தி, நன்கு ஆறிய பின்னர், தூசு உறிஞ்சியிலிருந்து வெளியேறும் காற்றைப் புகைக்குழாயின் வாயில் செலுத்தி, பொருத்துகளில் சவர்க்கார நீரைத் தெளித்தால், கசியும் இடத்தில் குமிழி எழும்.

நாமும் முதலில் மலிவு வழியையே நாடினோம். ஒருவகைப் பசையைப் பூசி, நாடாவால் குழாயைச் சுற்றினோம். ஒலி அடங்கியது, தலைவலி அடங்கவில்லை. பின்னர் வாகனத்தைப் பார்த்த திருத்துநர், மனிபோல்ட்டில் இரண்டு திருகாணிகள் முறிந்திருந்ததைக் காட்டினார். துரு இளக்கும் எண்ணெயில் ஓரிரவு ஊறவிட்டு, எஞ்சிய துண்டுகளைத் துளைத்து எடுத்தார். மனிபோல்ட்டின் முகம் வளைந்துள்ளதா எனச் சோதித்து, புதிய கஸ்கெற் இட்டு, நடுவிலிருந்து இருபுறமாகச் சிறிது சிறிதாக முறுக்கினார். துருப்பிடித்த குழாயை ஒட்டுப்போடாது, நல்ல இரும்பு தெரியும்வரை வெட்டிப் புதுக்குழாய் ஒட்டினார். சாரதி அறைத் தளத்திலிருந்த துளைகளையும் அடைத்தார்.

தாமே திருத்த முனைவோருக்குச் சில வார்த்தைகள். ஜக்கை மட்டும் நம்பி வாகனத்தின் அடியில் செல்லாதீர்கள். உறுதியான தாங்கிகளை வையுங்கள். மூடிய கராஜினுள் எஞ்சினை இயக்காதீர்கள். பனி கொட்டிய காலைகளில் புகைக்குழாயின் வாயைத் துப்புரவாக்கிய பின்னரே வாகனத்தை இயக்குங்கள். குளிருக்கு அஞ்சி, எஞ்சினை ஓடவிட்டு உள்ளே உறங்காதீர்கள். டீசல் வாகனத்தில் இவ்வாயு குறைவெனினும் ஆபத்தில்லையென எண்ணலாகாது.

வாகனத்தில் தலைவலியோ மயக்கமோ தோன்றினால் உடனே வெளியேறித் தூய காற்றில் நில்லுங்கள், மருத்துவமனைக்குச் செல்லுங்கள். அங்கு வாகனப் புகையைச் சுவாசித்ததாகத் தெளிவாகக் கூறுங்கள். விரல்நுனியில் மாட்டும் சாதாரணக் கருவி இந்நஞ்சைப் பிரித்தறியாது. குருதிப் பரிசோதனையே காட்டும்.

அகதி வாழ்வில் எல்லா நோவுக்கும் களைப்பையே காரணமாக்கிப் பழகிவிட்டோம். நாளைக் காலை வாகனத்தில் பிள்ளைகளை ஏற்றுமுன், குளிர்ந்த எஞ்சினை இயக்கி, ஒரு நிமிடம் செவிகொடுத்துக் கேளுங்கள்.