பேஸ்மேக்கர் பேட்டரி மாற்றணுமா? பயமும் வேண்டாம், தாமதமும் வேண்டாம்!



போன மாதக் குழுக் கூட்டத்தில் ஒரு அக்கா கேட்டார்: “மாமியாருக்கு பேஸ்மேக்கர் வச்சு ஒன்பது வருஷம் ஆச்சு. பேட்டரி தீரப்போகுதுன்னு டாக்டர் சொல்றாரு. மறுபடியும் பெரிய ஆபரேஷனா? அறுவடை முடிஞ்சு பாத்துக்கலாமா?”

இதே கேள்வி பல வீடுகளில் இருக்கும். விவரமாகப் பார்ப்போம்.

எதை மாற்றுகிறார்கள்?

பேஸ்மேக்கரில் இரண்டு பாகம். காறை எலும்புக்குக் கீழே, தோலுக்கு அடியில் இருக்கும் சிறு பெட்டி ஒன்று. அதிலிருந்து இதயத்துக்குப் போகும் ஒயர் இன்னொன்று. பேட்டரி பெட்டிக்குள்ளேயே மூடி முத்திரை வைக்கப்பட்டது. டார்ச் லைட் மாதிரி பேட்டரியை மட்டும் கழற்ற முடியாது. பெட்டியையே மாற்ற வேண்டும். ஒயர் நன்றாக இருந்தால் பழையதே தொடரும். அதனால் முதல் தடவையை விட இது பெரும்பாலும் சின்ன வேலைதான்.

ஏன் தள்ளிப் போடக் கூடாது?

பேட்டரி திடீரென்று நின்றுவிடாது. தீருவதற்குச் சுமார் மூன்று மாதம் முன்பே பரிசோதனையில் தெரிந்துவிடும். அந்த அவகாசம் ஏற்பாடு செய்யத்தான், தள்ளிப் போட அல்ல. முழுக்கத் தீர்ந்தால் தலைசுற்றல், மயக்கம் வரும்; சிலருக்கு உயிருக்கே ஆபத்து.

அன்று என்ன நடக்கும்?

வெறும் வயிற்றில் வரச் சொல்வார்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை, சர்க்கரை மாத்திரை சாப்பிட்டால் முன்கூட்டியே சொல்லுங்கள். நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள். பெரும்பாலும் அந்த இடம் மட்டும் மரத்துப்போக ஊசி போடுவார்கள். பழைய தழும்பு பக்கத்திலேயே கீறி, பழைய பெட்டியை எடுத்து, ஒயரைச் சோதித்து, புதியதை மாட்டித் தைப்பார்கள். அழுத்துவது, இழுப்பது தெரியும். வலித்தால் உடனே சொல்லலாம். சுமார் ஒரு மணி நேரம்தான். அன்றே அல்லது மறுநாள் வீட்டுக்கு வரலாம்.

வீட்டில் கவனம்

காயத்தில் கிருமி தொற்றுவதுதான் முக்கிய ஆபத்து. டாக்டர் சொல்லும்வரை காயம் நனையக் கூடாது. மஞ்சள், எண்ணெய் எதுவும் பூச வேண்டாம். காயம் ஆறும்வரை தண்ணீர்க் குடம், அரிசி மூட்டை தூக்க வேண்டாம். சிவப்பு, வீக்கம், சீழ், காய்ச்சல் இருந்தால் பல வாரம் கழித்து வந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். செல்போனை ரவிக்கைக்குள் வைக்காதீர்கள். பெட்டியிலிருந்து ஒரு சாண் தள்ளியே இருக்கட்டும். புதிய பெட்டிக்கான அடையாள அட்டையைக் கேட்டு வாங்கி எப்போதும் பையில் வையுங்கள்.

செலவு?

வட்டிக்குக் கடன் வாங்கும் முன், முதலமைச்சர் காப்பீட்டு அட்டையோடு மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் கேளுங்கள். பஸ் செலவு, துணைக்கு இருப்பவர் சாப்பாட்டுக்குக் குழுவின் உள்கடன் இருக்கிறதே!

1958-ல் ஸ்வீடனில் ஆர்னே லார்சன் என்பவருக்குத்தான் உலகிலேயே முதன்முதலாக உடலுக்குள் பேஸ்மேக்கர் வைத்தார்கள். அது சில மணி நேரமே ஓடியது. அதன்பின் மாற்றி மாற்றி மொத்தம் 26 பேஸ்மேக்கர்கள்! 2001-ல் இறக்கும்போது அவருக்கு வயது 86.

அந்த அக்காவுக்கு நம் பதில் இதுதான்: அறுவடைக்கு ஆள் பிடிக்கலாம். மாமியாரை முதலில் கூட்டிப் போங்கக்கா!