பியூஸ் கம்பி: எத்தனை ஆம்பியர் போடுவது?



மாலை வியாபார நேரத்தில் கடையில் பியூஸ் போய்விட்டால் நம்மில் பலர் செய்வது என்ன? பழைய வயரில் இருந்து நாலைந்து செம்பு இழைகளை உருவி, முறுக்கி, பியூஸ் கட்டையில் கட்டிவிடுகிறோம். விளக்கு எரிகிறது, வியாபாரம் நடக்கிறது. "இனிமேல் போகவே போகாது" என்று கடைப் பையன் பெருமையாகச் சொல்வான். ஆபத்து அதில்தான் இருக்கிறது. போக வேண்டிய நேரத்தில் போவதற்காகவே பியூஸ் வைத்திருக்கிறார்கள்.

பியூஸ் காப்பது விளக்கையோ விசிறியையோ அல்ல. சுவருக்குள் ஓடும் வயரை. மின்னோட்டம் இரு மடங்கானால் வயரில் உண்டாகும் சூடு நான்கு மடங்காகும். பியூஸ் உருகாவிட்டால் வயரின் மேலுறை உருகும். பக்கத்தில் சாக்கு, அட்டைப்பெட்டி, எண்ணெய், கற்பூரம், தீப்பெட்டி எல்லாம் அடுக்கியிருக்கும் மளிகைக் கடையில் பிறகு நடப்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

கணக்கு எளிது. வாட்டை 230 வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர் கிடைக்கும். 40 வாட் டியூப் லைட் ஆறும் 75 வாட் விசிறி நான்கும் சேர்ந்து 540 வாட். அதாவது சுமார் இரண்டரை ஆம்பியர். இதற்கு 5 ஆம்பியர் பியூஸ் தாராளம். இதே லைனில் தேநீர் போட 2,000 வாட் மின் அடுப்பைச் செருகினால் 11 ஆம்பியர் ஆகிவிடும். பியூஸ் போகத்தான் செய்யும். அப்போது கம்பியைத் தடிமனாக்கக் கூடாது. அடுப்பைத்தான் 15 ஆம்பியர் லைனுக்கு மாற்ற வேண்டும்.

வயரையும் பார்க்க வேண்டும். விளக்கு லைனில் பெரும்பாலும் 1 அல்லது 1.5 சதுர மி.மீ. செம்பு வயர் இருக்கும். அதற்கு 5 ஆம்பியர். 15 ஆம்பியர் பிளக்குக்கு 2.5 அல்லது 4 சதுர மி.மீ. வயர் வேண்டும். ஈயம் பூசிய செம்புப் பியூஸ் கம்பியில் 5 ஆம்பியருக்கு 0.20 மி.மீ., 10-க்கு 0.35, 15-க்கு 0.50 மி.மீ. தடிமன். 15 ஆம்பியர் கம்பி 15-ஐத் தாண்டியதும் உருகிவிடாது. ஏறக்குறைய இரு மடங்கு ஓடினால்தான் உடனே உருகும். ஆகவே "கொஞ்சம் கூடப் போட்டால் என்ன?" என்று கேட்பதற்கே இடமில்லை.

பிரீசர், மாவு மில் மோட்டார் போன்றவை ஓடத் தொடங்கும் கணத்தில் பல மடங்கு மின்சாரம் இழுக்கும். அவற்றுக்குத் தனி லைன் இழுப்பது நல்லது. எம்.சி.பி. வைத்திருப்பவர்கள் மோட்டார் லைனுக்கு 'சி' வகை கேட்டு வாங்குங்கள். 6 ஆம்பியர் எம்.சி.பி. அடிக்கடி விழுகிறதென்று 32 மாட்டுவதும் செம்பு இழை முறுக்கும் அதே தவறுதான்.

கம்பி மாற்றுமுன் மெயினை அணையுங்கள். மாற்றியதும் மீண்டும் உருகினால் மூன்றாம் முறை கட்டாதீர்கள், எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். மீட்டருக்கு முன்னுள்ள சீல் வைத்த கட்-அவுட்டில் கை வைக்க வேண்டாம்; அது மின்வாரியத்தார் வேலை. பியூஸோ எம்.சி.பி.யோ ஷாக்கில் இருந்து ஆளைக் காக்காது, அதற்கு ஆர்.சி.சி.பி. தனியாக வேண்டும்.

சரியான பியூஸ் கம்பிச் சுருள் ஒன்று கல்லாப்பெட்டியில் எப்போதும் இருக்கட்டும். விலை சில ரூபாய்தான். அது காப்பதோ கடை முழுவதையும்.