விதைக்கும் நாளும் விதையின் வயதும்

ஏர்வாடிக்கு அடுத்த சிற்றூர் ஒன்றிலுள்ள சங்கத்தின் கடன் பேரேட்டை ஒரு பங்குனி மாதத்தில் பார்வையிட்டுக்கொண்டிருந்தேன். ஒரே கண்மாயின் கீழ் அடுத்தடுத்து நிலம் உடைய இரு அங்கத்தினர்கள், நெற்பயிருக்காக ஒரே அளவு கடன் பெற்றிருந்தனர். ஒருவர் மாசி மாதத்திலேயே கடன் முழுவதையும் செலுத்தித் தீர்த்திருந்தார். மற்றவர் பெயருக்கு எதிரே ஒரு காசும் வரவு இல்லை. அவர் உழைப்பில் குறைந்தவரோ நாணயம் தவறியவரோ அல்லர். மண் ஒன்று, மழை ஒன்று, இட்ட உரமும் ஏறக்குறைய ஒன்றே. விசாரித்ததில் இருவருக்கும் இருந்த வேற்றுமை இரண்டுதான் என்று தெரிந்தது. ஒன்று விதைத்த நாள். மற்றொன்று விதைத்த நெல்லின் வயது.

இவ்விரண்டும் தனித்தனி விஷயங்கள் என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். உண்மையில் இவை ஒரே கணக்கின் இரண்டு பகுதிகள். அக்கணக்கை அங்கத்தினர்களுக்கு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இராமநாதபுரம் ஜில்லாவில் ஆண்டொன்றுக்குச் சுமார் 820 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதில் ஏறக்குறைய ஐந்தில் மூன்று பங்கு அக்டோபர், நவம்பர், டிசம்பர் ஆகிய மூன்று மாதங்களில், வடகிழக்குப் பருவக் காற்றினால் கிடைப்பது. மார்கழி நடுவில் மழை ஓயத் தொடங்கும். தை பிறந்த பின் வானத்தை நம்பிப் பயனில்லை. சிறிய கண்மாய்களில் தண்ணீரும் நெடுநாள் நிற்பதில்லை. ஆகவே நமக்கு ஈரம் உள்ள காலம் ஏறக்குறைய நூறு நாட்களே. அந்த நூறு நாட்களுக்குள் பயிரைப் பொருத்துவதுதான் விவசாயியின் சாமர்த்தியம்.

இதனை அறிந்தே நம் முன்னோர் புழுதி விதைப்பு முறையைக் கைக்கொண்டனர். ஆவணிக் கடைசியிலிருந்து புரட்டாசி நடுப்பகுதி வரை, காய்ந்த மண்ணைப் புழுதியாக உழுது உலர்ந்த விதையை விதைத்து வைப்பர். முதல் நல்ல மழைக்கு விதை முளைக்கும். ஐப்பசியில் மழை வலுக்கும்போது பயிர் வேர் ஊன்றி நிற்கும். கண்மாய் நிறைந்த பின் அதே பயிர் நன்செய்ப் பயிராக மாறிவிடும். மழை வந்த பின் உழுது விதைப்போமெனில், சேறாகிப்போன வயலில் உழவு தாமதிக்கும். முளைத்த இளம் பயிரும் பெருமழையில் மூழ்கி அழுகும்.

இனிக் கணக்கைப் பார்ப்போம். நெற்பயிர் எந்த வயதுடையதாயினும், கதிர் வெளிவந்து பூத்த நாளிலிருந்து அறுவடைக்குச் சுமார் 30 நாட்கள் ஆகும். பயிர் சூல் கட்டி, கதிர் ஈன்று, பூத்து, பால் பிடிக்கும் காலமே அதன் உயிர்நிலை. இளம் பயிர் சில நாள் வறட்சியைத் தாங்கிப் பிழைத்துக்கொள்ளும். பூக்கும் சமயத்தில் ஈரம் இல்லையெனில் மகரந்தம் சரிவரச் சேராது; மணி பிடிக்காது; கதிர் சாவியாகிவிடும். பிறகு பெய்யும் மழையும் அதனைச் சீர் செய்ய இயலாது.

அக்டோபர் 5-ஆம் தேதி முளைத்த பயிர் 105 நாள் வயதுடையது என்று கொள்வோம். அது 75-ஆம் நாளான டிசம்பர் 19 வாக்கில் பூக்கும். அப்பொழுது மார்கழி முதல் வாரம். மண்ணிலும் கண்மாயிலும் ஈரம் இருக்கும். பொங்கல் கழிந்த சில நாட்களில் அறுவடை. அதே நாளில் முளைத்தது 145 நாள் வயதுடைய நெல்லாயின், அது பூப்பது ஜனவரி 28 வாக்கில். தை நடுவில் ஈரத்துக்கு எங்கே போவது? சரி, வயது குறைந்த நெல்லையே ஒரு மாதம் தாமதித்து நவம்பர் 5-இல் முளைக்க விட்டால் என்ன ஆகும்? அதுவும் ஜனவரி 19 வாக்கில்தான் பூக்கும். ஒரு மாதத் தாமதமும் நாற்பது நாள் மிகுந்த வயதும் நம்மை ஏறக்குறைய ஒரே இடத்தில், அதாவது வறண்ட தை மாதத்தில் கொண்டு நிறுத்துகின்றன. இரண்டும் சேர்ந்தால் சொல்ல வேண்டுவதில்லை.

கடலோரத்தில் மற்றொரு தீங்கும் உண்டு. வாலிநோக்கம் உப்பளத்தில் வெயில் செய்யும் வேலையை, உவர் கலந்த நம் வயல்களிலும் அது சிறு அளவில் செய்கிறது. நீர் வற்ற வற்ற அடிமண்ணின் உப்பு மேலே வரும். இளம் பருவத்தைப் போலவே பூக்கும் பருவத்திலும் நெல் உப்பைத் தாங்காது. மழை நீரால் உப்புக் கரைந்திருக்கும் காலத்துக்குள் பயிர் பூத்துவிட வேண்டும் என்பதற்கு இது மேலும் ஒரு காரணம்.

இக்காரணங்களை உத்தேசித்தே பரமக்குடி வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் நம் பகுதிக்கென்று நெல் இரகங்களைத் தந்துள்ளது. 2003-இல் வெளியான பி.எம்.கே. 3 இரகத்தின் வயது 110 முதல் 115 நாட்கள். 2009-இல் வெளியான அண்ணா 4 இரகத்தின் வயது 100 முதல் 105 நாட்கள். நம் பழைய நொறுங்கன், குழியடிச்சான் போன்ற நாட்டு நெல்களும் வறட்சியைத் தாங்கும் குணத்தால் பெயர் பெற்றவை. மாறாக, ஆந்திரா பொன்னி ஏறக்குறைய 145 நாட்களும், சி.ஆர். 1009 சுமார் 155 நாட்களும் வயலில் நிற்பவை. அவை தாழ்ந்த இரகங்கள் அல்ல. நிச்சயமான பாசனம் உள்ள இடத்தில் அவை நன்கு விளையும். சன்ன அரிசிக்கு நல்ல விலையும் கிடைக்கும். ஆனால் மூட்டைக்கு என்ன விலை என்று கேட்பதற்கு முன், மூட்டை வீடு வந்து சேருமா என்று கேட்பதே முறை.

இது நெல்லுக்கு மட்டும் உரிய நியாயமன்று. நாம் தாளிக்கும் கடுகை எடுத்துக்கொள்வோம். நாட்டில் அது மிகுதியாக விளைவது ராஜஸ்தானத்தில். அங்கே அதனை அக்டோபரில் விதைப்பர். மிகவும் முந்தினால் மண்ணின் சூட்டில் இளம் செடி கருகும். நவம்பருக்குத் தள்ளிப் போனால், பூக்கும் சமயத்தில் அசுவினிப் பூச்சி பெருகும். காய் முற்றும் சமயத்தில் வெயில் ஏறி மணி சிறுத்துப் போகும். முந்தின பயிரின் அறுவடை தாமதித்ததால் பிந்தி விதைக்க நேர்ந்தோருக்கென்று அங்கே தனி இரகங்களே உண்டு. அங்கே எல்லை கட்டுவது குளிர். இங்கே எல்லை கட்டுவது ஈரம். எல்லைக்குள் பயிரை முடிக்க வேண்டும் என்ற விதி இரண்டிடத்தும் ஒன்றே.

“முந்தி விதைத்துவிட்டு, சிறு தூறலில் முளைத்த பயிர் காய்ந்து போனால் என் செய்வது?” என்று அங்கத்தினர் கேட்பது நியாயமே. இதற்கு மூன்று பாதுகாப்புகள் உள்ளன. முதலாவது, விதையைக் கடினப்படுத்துதல். நூறு லிட்டர் நீருக்கு ஒரு கிலோ வீதம் பொட்டாசியம் குளோரைடு கரைத்து, விதையின் எடைக்குச் சமமான கரைசலில் 16 மணி நேரம் ஊற வைத்து, நிழலில் பழைய ஈரப்பதத்துக்கு உலர்த்தி விதைக்க வேண்டும். அத்தகைய விதை வறட்சியை மேலும் தாங்கும். இரண்டாவது, விதையைச் சுமார் 5 சென்டிமீட்டர் ஆழத்தில் விழச் செய்தல். தூறலின் ஈரம் அவ்வளவு ஆழம் எட்டாது. மூன்றாவது, நிலம் முழுவதையும் ஒரே நாளில் விதைக்காமல் பத்து நாள் இடைவெளியில் இரண்டு பகுதியாக விதைத்தல். ஏக்கருக்கு 30 கிலோ விதை போதும். விதைக்குமுன் நூறு மணிகளை ஈரச் சாக்கில் வைத்து முளைப்பைச் சோதித்துக்கொள்க. எண்பதுக்குக் குறைவாக முளைத்தால் அவ்விதையை விலக்குக.

இன்சூரன்ஸ் இருக்கிறதே என்று வாளாவிருத்தலும் தகாது. 2016-இல் தொடங்கிய பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், நெல்லின் மகசூல் இழப்பு கிராமத்தின் சராசரி விளைச்சலைக் கொண்டே கணக்கிடப்படுகிறது. ஊரார் அனைவரும் காலத்தில் விதைத்து விளைவித்திருக்க, ஒருவர் மட்டும் பிந்தி விதைத்து இழந்தால், மகசூல் இழப்புக்கென்று அவருக்கு ஈடு கிடைக்காது.

முதலில் கூறிய அந்த இரண்டாவது அங்கத்தினரிடம் திரும்புவோம். சன்ன அரிசியின் விலையைக் கருதி அவர் நீண்ட வயதுடைய நெல்லை வாங்கி வைத்திருந்தார். அது அவர் பிழை. ஆயினும் கடன் மனுவை அவர் ஆவணி முதல் வாரத்திலேயே கொடுத்துவிட்டார். உழவுக் கூலிக்குப் பணம் அவர் கைக்கு வந்ததோ ஐப்பசி நடுவில். மாசியில் கதிர் வந்தது, அத்தனையும் சாவி. மனு எங்கெங்கே எத்தனை நாள் தங்கிற்று என்று கோப்பைப் பார்த்தேன். பதினொரு நாள் என் மேஜையிலும் தங்கியிருந்தது. அந்நிலுவையை அவர் பெயரில் மட்டும் எழுதுவது நேர்மையாகுமா என்ற கேள்வி இன்றும் என்னை விட்டபாடில்லை.

பாவின் நீளம் அறியாமல் சேலை தொடங்கும் நெசவாளர் பரமக்குடியிலும் இல்லை, எமனேசுவரத்திலும் இல்லை. மழை என்ற பாவு நமக்கு அளந்தே தரப்படுகிறது. ஆகவே சங்கங்கள் ஆடி மாதத்திலேயே கூட்டம் கூட்டி, எந்தக் கண்மாயின் கீழ் எத்தனை நாள் நெல் தாங்கும் என்று ஊர்ப் பெரியவர்களைக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். அதற்கேற்ற விதைக்கு அப்பொழுதே ஏற்பாடு செய்து, ஆவணி முடிவதற்குள் கடனைப் பட்டுவாடா செய்துவிட வேண்டும். அங்கத்தினர்களும் சிட்டா, அடங்கல் முதலியவற்றை ஆடியிலேயே கொண்டுவந்து கொடுப்பார்களாக. ஆவணிக்குப் பின் வரும் கடன், கடனாக இருக்குமேயன்றிப் பயிராக மாறாது.