உதடு ஒட்டும் காலம்

பாலைப்பழம் தின்றவனை அவனுடைய உதடே காட்டிக்கொடுத்துவிடும். பொய் சொல்ல வாயைத் திறக்க வேண்டும். அதுதான் முடியாதே! பழத்தின் பால் இரண்டு உதட்டையும் சேர்த்து ஒட்டிவைத்திருக்கும். எழுபதுகளில், குச்சவெளியில், ஆனி மாதத்துப் பின்னேரங்களில் நாங்கள் படலையைத் திறக்கும்போதே அம்மாச்சி தேங்காய் எண்ணெய்ப் போத்தலைத் திண்ணையில் கொண்டுவந்து வைத்துவிடுவார். எண்ணெயைத் தொட்டு உதட்டில் தேய்க்கத் தேய்க்க, பால் உருண்டு திரண்டு கழன்று வரும். ஏச்சு விழுவது அதற்குப் பிறகுதான். வாய் திறக்க முடியாத பிள்ளையை ஏசி என்ன பயன் என்று நினைத்தாரோ என்னவோ.

போன ஆண்டு நோர்வேயிலிருந்து என் மருமகள் ஒரு படம் அனுப்பியிருந்தாள். அவளுடைய எட்டு வயது மகள், பற்றையோரம் நின்றுகொண்டு ஒரு சின்ன வாளி நிறையக் காட்டு ராஸ்பெரி பறித்து வைத்திருக்கிறாள். பத்து விரலிலும் பத்துப் பழத்தை மகுடம் போலக் கவிழ்த்திருக்கிறாள். ராஸ்பெரியைப் பறித்தால் அதன் நடுக்காம்பு செடியிலேயே நின்றுவிடும், பழம் உள்ளே குடைந்த தொப்பி போலக் கையில் வரும். “மாமா, நீங்கள் சின்னனில் இப்படிப் பழம் பிடுங்கினீங்களா என்று கேட்கிறாள், பதில் போடுங்கோ” என்று கீழே எழுதியிருந்தது. அந்தப் பதிலைக் கைபேசியில் தட்டத் தொடங்கி, அது நீண்டுகொண்டே போய், கடைசியில் இங்கே வந்து நிற்கிறது.

ராஸ்பெரி எங்கள் பக்கத்துச் சரக்கல்ல. இலங்கையில் அதைக் காண நுவரெலியாவுக்கோ ஹோர்ட்டன் சமவெளிக்கோ ஏற வேண்டும். அங்கே மஞ்சள் நிறத்தில் பழுக்கும் ஒரு வகையும் உண்டு. உலகத்தின் மிக மோசமான நூறு ஆக்கிரமிப்பு உயிரினங்களின் பட்டியலில் அதுவும் ஒன்று. இனிப்பாய் இருப்பதால் யாருக்கும் அதன்மேல் கோபம் வருவதில்லை.

குச்சவெளி வேறு மண். திருகோணமலை நகரிலிருந்து புல்மோட்டை வீதியில் வடக்கே நிலாவெளி, இறக்கக்கண்டி, கும்புறுப்பிட்டி கடந்து, முப்பது கிலோமீற்றருக்குக் கொஞ்சம் கூடப் போக வேண்டும். கிழக்கே கடல், மேற்கே காடு. மார்கழிவரை மாரி கொட்டும். பிறகு வைகாசி, ஆனியில் மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கத் தொடங்கும். (கச்சான் என்றால் எங்களுக்கு வேர்க்கடலையும்தான். ஒன்று வறண்ட காற்று, மற்றது வறுத்த பருப்பு.) மண் வெடிக்கும், குளம் சேறாகும், மாடு எலும்பாகும். எல்லாம் காய்ந்து கிடக்கும் அந்த நேரத்தில்தான் காட்டில் பாலை பழுக்கும்.

இந்த மரத்தைக் காணாதவர்களுக்குச் சொல்கிறேன். பெரிய மரம். கரும்பட்டை, வெடித்து வெடித்து முதலைத் தோல் மாதிரி இருக்கும். இலை தடித்து, நுனியில் சற்றே உள்வாங்கியிருக்கும். பழம் வேப்பம்பழத்தின் அளவுதான். மஞ்சள், முற்றினால் செம்மஞ்சள். உள்ளே மினுமினுக்கும் ஒரு கொட்டை. தேனில் ஊறவைத்த சப்போட்டாவை நினைத்துக்கொண்டால் ருசி கிட்டத்தட்டப் பிடிபடும். அந்த ஒப்புமை சும்மா வந்ததுமல்ல. பாலையும் சப்போட்டாவும் மணில்காரா என்ற ஒரே பேரினம். இலுப்பை அவற்றுக்கு ஒன்றுவிட்ட சொந்தம். இந்தியாவில் நாற்றுமேடைக்காரர்கள் பாலைக் கன்றின் மேல்தான் சப்போட்டாவை ஒட்டுக் கட்டுகிறார்கள். கடையில் வாங்கும் சப்போட்டா பலதும் பாலையின் வேரில் நின்று பழுத்தவை. மத்திய அமெரிக்காவில் சப்போட்டா மரத்தைக் கீறி வடித்த பாலைக் காய்ச்சித்தான் ஒரு காலத்தில் சுவிங்கம் செய்தார்கள். அதே பேரினத்து இன்னொரு மரத்தின் பாலில் கோல்ஃப் பந்துக்கு உறை போட்டார்கள். எங்கள் உதட்டைப் பூட்டியதும் அந்தக் குடும்பத்துப் பசைதான். இது அன்றைக்குத் தெரிந்திருந்தால் அம்மாச்சியிடம் கொஞ்சம் கெத்தாகவே நின்றிருப்போம்.

பெயரும் பாலிலிருந்து வந்ததே. ஐந்திணையில் வருகிற பாலை இந்த மரமா என்று வாத்தியார்களைக் கேட்டிருக்கிறேன். அது வெட்பாலை என்று சொல்வோரே கூட. எனக்கென்னவோ, எல்லாம் வறண்ட மாதத்தில் இந்த மரம் ஒன்று இனிப்போடு நிற்பதைப் பார்த்தவனுக்கு அந்த வழக்கில் தீர்ப்புச் சொல்வது கடினம். எங்கள் மாவட்டத்தில் மரங்கள் ஊராகவே இருக்கின்றன: பாலையூற்று, விளாங்குளம், ஈச்சந்தீவு. பேரை வைத்தவர்கள் பசியோடு நடந்தவர்களாகத்தான் இருக்க வேண்டும்.

நாங்கள் ஏழெட்டுப் பேர் போவோம். பாதிப் பேர் காலையில் ஓதப்போய் வந்த முஸ்லிம் பிள்ளைகள், மீதி நாங்கள். சனிக்கிழமை என்றால் வெயில் ஏறுவதற்கு முன்பே புறப்பட்டுவிடுவோம். கையில் ஒரு கொக்கத்தடி, ஒரு உமல், தண்ணீர்ப் போத்தல். உமல் நிறைந்தால் சாரத்தின் மடி. வழி காட்டுகிறவன் எப்போதும் மாடு மேய்க்கிற பெடியன்தான். பள்ளிக்கூடத்தில் கடைசி வாங்கு, காட்டில் முதல் ஆள். எந்த மரம் இந்த வருடம் காய்த்தது, எது ஏமாற்றியது என்று அவனுக்குத் தெரியும். பாலை ஒரு வருடம் கொட்டும், மறு வருடம் கைவிரிக்கும். எந்த மரத்துப் பழத்தில் பால் குறைவு என்பதும் அவனுக்கு மட்டும் தெரிந்த ரகசியம். பழத்தை உள்ளங்கையில் மெதுவாக உருட்டி, ஒரு கை மணலில் புரட்டித் துடைத்துத் தின்றால் ஒட்டுவது குறையும் என்று அவன் சொல்வான். குறைந்ததாக எனக்கு ஞாபகமில்லை.

பாலையில் ஏறுவது ஒரு வித்தை. தண்ணீரில் போட்டால் அமிழ்ந்துவிடும் வைரம் பாய்ந்த மரம் அது. கொப்பு சட்டென்று முறியாது. ஆனால் பட்டை தொடையைச் சிராய்த்து எடுத்துவிடும். உலக்கைக்கும் வீட்டுத் தூணுக்கும் ரயில் சிலிப்பர்க் கட்டைக்கும் தேடப்பட்ட மரம். 1964 டிசம்பரில் திருகோணமலையைத் தாக்கிய சூறாவளிக்கே நின்ற மரம் என்று ஒரு பாலையைப் பெரியவர்கள் விரல் நீட்டிக் காட்டுவார்கள். சேனைக்குக் காடு வெட்டும்போதும் அதில் கோடரி வைக்கத் தயங்குவார்கள். மரத்தின் உறுதி பாதிக் காரணம், பழம் பாதிக் காரணம்.

“கதைச்சுக்கொண்டு போங்கோடா. கரடிக்குக் கதை பிடிக்காது.” அம்மாச்சி இதைச் சொல்லாமல் ஒரு நாளும் அனுப்பியதில்லை. வேடிக்கைக்குச் சொன்னதல்ல. வறண்ட வலயத்துக் கரடிக்குப் பாலையும் வீரையும்தான் இந்த மாதங்களில் விருந்து. தேனுக்கும் புற்றுக்கும் அலைகிற பிராணி, பாலை பழுத்துவிட்டால் மரத்தின் மேலேயே மணிக்கணக்காக உட்கார்ந்து தின்னும். வில்பத்துவிலும் யாலவிலும் கரடி பார்க்கப் போகிறவர்கள் இந்தக் காலத்தைத்தான் பார்த்துப் போகிறார்கள். எங்களுக்கோ கரடியைப் பார்க்காமல் வருவதுதான் வெற்றி. திடுக்கிட்ட கரடி முகத்தில்தான் பாயும். அப்படிப் பாய்ந்து ஒரு கண் போன தேன்காரர் ஒருவர் எங்கள் ஊரில் இருந்தார். ஆகவே அடிமரத்தில் புது நகக் கீறல் இருக்கிறதா, சுற்றிலும் எச்சம் கிடக்கிறதா என்று பார்த்த பிறகே ஏறுவோம். கரடியின் எச்சம் முழுக்கப் பாலைக்கொட்டையாக இருக்கும். மழைக்குப் பிறகு அந்த இடத்தில் சின்னச் சின்னக் கன்று நிற்பதைக் கண்டிருக்கிறேன். காட்டில் பாலை நட்டது யார் என்ற கேள்விக்கு விடை அங்கேயே கிடந்தது.

மற்றப் பழங்களையும் விட்டுவிடக் கூடாது. வீரை சிவப்பாகக் குலுங்கும்; சதை கொஞ்சம், கொட்டை பெரிது. நாவல் நாக்கை நீலமாக்கும். சூரையின் முள் பின்பக்கமாக வளைந்திருப்பதால் உள்ளே கை விடுவது சுலபம், எடுப்பதுதான் பாடு. கடற்கரை மணலில் நிற்கும் ஈச்சைக் குலையை வெட்டி, உப்புத் தண்ணீர் தெளித்துச் சாக்கில் கட்டிவைத்தால் இரண்டு நாளில் கறுத்துப் பழுத்துவிடும். விளாம்பழத்துக்கு யானையோடு போட்டி. ஆனால் இவை எதற்கும் நாங்கள் அடி வாங்கத் தயாராக இருந்ததில்லை. பாலைக்கு இருந்தோம்.

இன்று யோசிக்கையில் இன்னொரு கணக்கும் தெரிகிறது. 1970க்கும் 1977க்கும் இடைப்பட்ட அந்த வருடங்களில் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு, அரிசி கொண்டுபோகத் தடை, பாணுக்கு விடியற்காலை வரிசை. வீட்டில் மரவள்ளிக்கிழங்கு மூன்று வேளையும் முகம் காட்டிய காலம். சீனி அளந்துதான் கிடைக்கும். பிள்ளைகளுக்கு இனிப்பு என்று ஒன்று இருந்தால் அது மரத்தில்தான் இருந்தது. அம்மாச்சி ஏசினாலும் உமலைக் கொட்டிப் பார்த்துத் தரம் பிரிப்பார். நல்லது தின்ன, மிஞ்சியது பாயில் காயவைக்க, நசிந்தது பாணி காய்ச்ச. அந்தப் பாணி கறுப்பாகத் தடித்துப் புட்டோடு சேரும். மாரிவரை ஒரு போத்தலில் இருக்கும். குஜராத்தில் இதே பழத்தை ராயண் என்று சொல்லி, காயவைத்துக் கடையில் விற்கிறார்கள் என்று பிற்பாடு அறிந்தேன். சத்ருஞ்ஜய மலையில் ஒரு ராயண் மரத்தைச் சமணர்கள் ஆதிநாதரின் மரமாக வணங்குகிறார்கள். கடலுக்கு அந்தப் பக்கம் கோடியக்கரைக் காட்டிலும் பாலைதான் பிரதான மரம். அந்தப் பக்கத்துப் பிள்ளைகளும் எண்ணெய்ப் போத்தலைத் தேடியிருப்பார்கள்.

பிறகு எண்பதுகள் வந்தன, சண்டையும் வந்தது. காட்டுக்குப் போவது என்ற சொல்லுக்கே வேறு அர்த்தம் வந்துவிட்டது. பிள்ளையைக் காட்டுப்பக்கம் விட்ட தாய் அன்றிரவு நித்திரை கொள்ள மாட்டாள். வடக்கே தென்னமரவாடி வெறுமையானது, திரியாய் எரிந்தது. எங்கள் ஊரும் பல தடவை மூட்டை கட்டியது, திரும்பி வந்தது, மறுபடி கட்டியது. நான் கொழும்புக்குப் போய், அங்கிருந்து வேறெங்கோ போனேன். 2004 மார்கழியில் கடல் தன் பங்குக்கு வந்துபோனது. 2009இல் சண்டை ஓய்ந்தபோது, காட்டுக்குள் காலே வைக்காத ஒரு தலைமுறை வளர்ந்து, அதற்குப் பிள்ளைகளும் பிறந்திருந்தன. மரங்களுக்கு ஒன்றும் ஆகியிருக்கவில்லை. ஆளில்லாத இருபத்தைந்து வருடத்தில் கரடிகள் தின்று, நட்டு, இன்னும் கூட்டித்தான் வைத்திருந்தன. எந்த மரத்தில் பால் குறைவு என்று சொல்லத்தான் ஆள் இல்லை. மாடு மேய்த்த அந்தப் பெடியன் திரும்பி வரவேயில்லை.

இன்று வீதி அகலம், பாலங்கள் புதிது. காட்டின் ஓரத்தில் எல்லைக் கற்கள் நிற்கின்றன. எது ஊர்க்காடு, எது ஒதுக்குக் காடு, எங்கே போனால் கேள்வி வரும் என்பது ஆளுக்கு ஆள் மாறும் கதை. விறகுக்குப் போகிற பெண்கள்கூட யோசித்துத்தான் போகிறார்கள். அந்த நோர்வேச் சிறுமி நின்ற பற்றை யாருடையது என்று மருமகளிடம் கேட்டேன். தெரியாது என்றாள். அங்கே 1957ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறதாம். பயிர் செய்யாத வெளியில், அது எவருடைய நிலமானாலும் எவரும் நடக்கலாம், காட்டுப்பழம் பறிக்கலாம். எங்களுக்கும் அந்தச் சட்டம் இருந்தது. எழுதித்தான் வைக்கவில்லை.

காடு காக்கப்பட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வன்னி வீதிகளில் பாலைப்பழம் சுண்டுக் கணக்கில் விலையாகத் தொடங்கியதிலிருந்து, ஏறிப் பறிக்கப் பொறுமையில்லாதவர்கள் கொப்போடு வெட்டி இறக்குகிறார்கள். முழங்கை மொத்தம் வளர வருடக்கணக்காகும் கொப்பு, ஒரு பின்னேர வியாபாரத்துக்குப் போய்விடுகிறது. எங்கள் நாளில் கொப்பு முறித்தவனை அடுத்த கிழமை கூட்டிக்கொண்டு போக மாட்டோம். அதற்கு மேல் ஒரு தண்டனை எங்களுக்குத் தெரியாது. காட்டோடு பழகியவர்களை வெளியே நிறுத்திவிட்டால், உள்ளே போகிறவன் கத்தியோடுதான் போவான் என்பது என் எண்ணம். அதிகாரிகளுக்கு வேறு எண்ணம் இருக்கலாம்.

இந்த ஆனியில் ஊருக்குப் போனேன். மருமகளும் அவளுடைய மகளும் கூட வந்திருந்தார்கள். கும்புறுப்பிட்டி தாண்டி, ஒரு மர நிழலில் சாக்கை விரித்து ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். முன்னால் மஞ்சளாக ஒரு குவியல், பக்கத்தில் ஒரு பால்மாப் பேணி. வாகனத்தை நிறுத்தச் சொல்லி இறங்கினேன். சிறுமி ஒன்றை வாயில் போட்டாள், பிறகு நாலு, பிறகு எண்ணவில்லை. ஏதோ சொல்ல வந்தவள் திகைத்துப்போய் விரலால் உதட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். தாய் பதறிப்போய்த் தண்ணீர்ப் போத்தலைத் திறந்தாள்.

“தண்ணிக்குப் போகாது பிள்ளை” என்றார் அந்தப் பெண். சாக்கின் மடிப்புக்குள் கையை விட்டு, மூடியில் பிசுக்கேறிய ஒரு சின்ன மருந்துப் போத்தலை எடுத்தார். தேங்காய் எண்ணெய். “இதுக்குக் காசில்லை” என்று சொல்லிக்கொண்டே, தன் விரலில் ஒரு துளி விட்டு, சிறுமியின் உதட்டில் தேய்க்கத் தொடங்கினார்.